அஜந்தா பேரில் ஒரு கணக்கு

கிங்ஸ்பரி
11 பெப்ரவரி 2025

அண்ணை,

சுகம் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. உங்கள் சுகத்தைக் கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். என் போன் என்னிடம் இல்லை. போன வியாழக்கிழமை கிளப்புக்கு ஒரு பெண்ணும் ஒரு ஆணும் வந்தார்கள். கால்பந்துச் சங்கத்தின் ஒழுங்குப் பிரிவு. வீரர்களுக்குக் கட்டுப்போட்டு ஐஸ் வைக்கிற பிசியோவிடம் அவர்களுக்கு என்ன வேலை என்று நினைத்தபடி கையைத் துடைத்துக்கொண்டு மனேஜரின் அறைக்குப் போனேன். போனை வாங்கி ஒரு பைக்குள் போட்டு ஒட்டினார்கள். பிறகு ஒரு தாளை முன்னால் வைத்தார்கள்.

பெற்றிங் எக்ஸ்சேஞ்சில் ஒரு கணக்கு. ஆளுக்கு ஆள் பந்தயம் வாங்கி விற்கிற அந்த இணையச் சந்தை. பேர் அஜந்தா யோகலிங்கம். என் பிறந்த திகதி. என் பாஸ்போர்ட்டின் படம். முகவரி ஃபாரஸ்ட் கேட், உங்கள் வீடு. பத்து மாதத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட கால்பந்து ஆட்டங்களில் நான் காசு கட்டியிருக்கிறேனாம்.

எங்கள் விதி உங்களுக்குத் தெரியும். வீரர் தொடங்கி உடுப்புத் தோய்க்கிறவர் வரை, கிளப்பில் சம்பளம் வாங்குகிற ஒருவரும் உலகத்தின் எந்த மூலையில் நடக்கிற கால்பந்து ஆட்டத்திலும் ஒரு பென்ஸ் கட்டக்கூடாது. வேலையில் சேர்ந்த கிழமை உங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் அதை வாசித்துக் காட்டினேன். "எங்கட வீட்டிலை ஒராளாவது தப்பிச்சுது" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

கணக்கை நான் திறக்கவில்லை என்றேன். அப்படியென்றால் யார் என்று கேட்டார்கள். முகவரியைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் இரண்டு அந்நியருக்கு முன்னால் சொந்த அண்ணனின் பேரைச் சொல்ல எனக்கு வரவில்லை. அதற்காக என் மேலேயே ஆத்திரமாக இருக்கிறது.

விசாரணை முடியும்வரை நான் மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது. மார்ச் 7க்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நான்தான் செய்தேன் என்று எடுப்பார்கள். இந்த வேலையும் போகும், பிசியோ என்ற பதிவும் போகும்.

நீங்களா, இல்லையா. ஓம் என்றால் ஓம் என்று எழுதுங்கள். அண்ணிக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அஜந்தா


ஃபாரஸ்ட் கேட்
14 பெப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் அண்ணியின் கையில் அகப்பட முதல் நான் எடுத்தது அம்மாளாச்சி புண்ணியம்.

ஓம். நான்தான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. ஆறுதலாக இருந்து வாசி.

இது சூதாட்டம் இல்லைப் பிள்ளை. டிரேடிங். இதற்கு ஒரு கோர்ஸ் இருக்கிறது. வெம்பிளியில் ஒரு கடைக்கு மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில், பன்னிரண்டு கிழமை. படிப்பிக்கிறவர் ரதீசன் சேர். இருபத்திரண்டு பேர் கொப்பி பேனையோடு இருந்து படித்தோம். முதல் மூன்று கிழமை காசைத் தொடவே விடவில்லை. விலை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று பார்த்து எழுதச் சொன்னார். ஒரு அணி வெல்லும் என்று ஒரு விலைக்கு வாங்க வேண்டும். விலை எங்களுக்குச் சாதகமாக மாறினதும் வெல்லாது என்று விற்றுவிட வேண்டும். ஆட்டம் முடிய முதல் வெளியே வந்துவிட வேண்டும். சரியாகச் செய்தால் திரையில் இரண்டு அணிக்கு நேரேயும் பச்சை. ஆர் வென்றாலும் எங்களுக்கு லாபம். "அணியைப் பாக்காதேங்கோ, விலையைப் பாருங்கோ" என்று சேர் ஓயாமல் சொல்லுவார். மரக்கறிக் கடைக்காரன் விடியற்காலையில் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்து விற்கிறான். அவனைச் சூதாடி என்பாயா.

பதினான்கு மணித்தியாலம் மினிகாப் டாக்சி ஓடி என் நாரி எலும்பு முறிந்துபோய்க் கிடக்கிறது. எயார்ப்போர்ட்டில் ஆள் வரும்வரை காருக்குள் சும்மா கிடக்கிற நேரத்தில் தலையைப் பாவித்து ஒரு தொழில் செய்யலாம் என்று நினைத்தேன். அது குற்றமா.

உன் பேர் ஏன் என்று கேட்பாய். என் பேரில் திறக்க ஏலாது. காரணம் உனக்குத் தெரியும், அதை இங்கே எழுத வேண்டாம். அண்ணி பேரில் திறந்தால் அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். நீ எங்களோடு இருந்த காலத்தில் வாடகைக்கு என்று திறந்த கூட்டு வங்கிக் கணக்கு சும்மா கிடந்தது. உன் பாஸ்போர்ட் பிரதி வழக்கம்போல என் பைலில் இருந்தது. வகுப்பில் பாதிப் பேர் மனைவி பேரிலும் மாமி பேரிலும்தான் செய்கிறார்கள். "சொந்தப் பேரிலை ஏலாட்டி வீட்டிலை ஆற்றையேன் பேரிலை திறவுங்கோ" என்று சேரே சொன்னவர். இதனால் உனக்கு ஒரு தீங்கு வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

கணக்கை மூடிவிட்டேன். இனிப் பயமில்லை. ஆரோ பாஸ்போர்ட்டைக் களவெடுத்துத் திறந்துவிட்டார்கள் என்று எழுதிக் கொடு. லண்டனில் நாளாந்தம் எத்தனை பேருக்கு நடக்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் வெஸ்ட் ஈலிங் அம்மனிடம் போய் உனக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அஜந்தா, உத்திராடம் என்று வழக்கம்போல நான்தான் சொன்னேன். ஒன்றும் நடக்காது.

அண்ணை
நிசாந்தன்


கிங்ஸ்பரி
17 பெப்ரவரி 2025

அண்ணை,

'நீ' என்று எழுத வேண்டும் போல வாய் உன்னுகிறது. கை பழகிப்போனது, 'நீங்கள்' என்றுதான் வருகிறது. அதை மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கை நீங்கள் மூடவில்லை. ஜனவரி கடைசியிலேயே எக்ஸ்சேஞ்சுக்காரர் அதை முடக்கிவிட்டார்கள். அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது. கடிதம் எழுதுகிறபோதும் உங்களுக்குப் பொய் வேண்டியிருக்கிறது.

நீங்கள் எழுத வேண்டாம் என்ற காரணத்தை நான் எழுதுகிறேன். 2022 ஓகஸ்ட். பெற்றிங் கடை மெஷினில் இரண்டு மாத மோட்கேஜ், வீட்டுக் கடன் தவணையைப் போட்டுவிட்டு வந்து என் வீட்டுக் கதிரையில் இருந்து அழுதீர்கள். நான் தேத்தண்ணி போட்டுத் தந்தேன். நான்தான் என் லாப்டொப்பைத் திறந்து, இனி ஐந்து வருசத்துக்கு இந்த நாட்டில் எந்த இணையப் பந்தயத்திலும் என்னைச் சேர்க்காதே என்று உங்களை நீங்களே தடை செய்கிற படிவத்தை நிரப்ப வைத்தேன். "என்ர கை நடுங்குது, நீ அமத்து" என்றீர்கள். நான் அமத்தினேன். அந்தத் தடை 2027 வரைக்கும் இருக்கிறது. அதைத் தாண்டுவதற்கு என் பேரை ஏணியாக எடுத்தீர்கள். உங்களைக் காப்பாற்ற வந்தவளின் பேர்தான் உங்களுக்குக் கிடைத்ததா.

டிரேடிங்காம். கொப்பியாம், பேனையாம், சேராம். கத்தரிக்காய் வாங்குகிறவன் தன் பேரில்தானே வாங்குகிறான்.

இனிக் கேளுங்கள். எனக்கு ஒரு கட்டுத் தாள் அனுப்பியிருக்கிறார்கள். முதல் பக்கமே உங்கள் ரதீசன் சேர் வெளியிட்ட பதிவு. ஜனவரி 19. 'நம் மாணவர் ஒருவரின் ஒரே நாள் சாதனை, நீங்களும் படிக்கலாம்.' கீழே உங்கள் திரையின் படம், இரண்டு பக்கமும் பச்சை. மேல் மூலையில் கணக்குக்காரரின் பேரை மறைக்க அந்தப் பெரிய வாத்தியாருக்குத் தெரியவில்லை. அஜந்தா யோ. என்று கிடக்கிறது. நீங்கள்தான் பெருமைக்குப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

ஆட்டம் எது என்று பார்த்தேன். ஜனவரி 18. எங்கள் கிளப்.

அதற்கு மேல் எனக்குத் தாள் தெரியவில்லை. பொங்கலன்று பின்னேரம் உங்கள் வீட்டுக்கு நான் பிந்தி வந்தேன். "என்ன பிள்ளை, பொங்கல் கல்லாப்போச்சு" என்றா அண்ணி. "கோல்கீப்பருக்குத் தொடைத் தசை கிழிஞ்சிட்டுது. ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். சனிக்கிழமை அவன் நிக்கமாட்டான். வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ" என்றேன். நீங்கள் கதலிப்பழம் உரித்துக்கொண்டு இருந்தீர்கள். "ஓ, அப்பிடியே" என்றீர்கள். அவ்வளவுதான் கேட்டீர்கள்.

கோல்கீப்பர் இல்லை என்று ஊருக்குத் தெரியவருவது ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்புதான். நீங்கள் வெள்ளிக்கிழமையே எங்கள் அணி வெல்லாது என்று கட்டிவிட்டீர்கள். அணிப் பட்டியல் வெளிவந்து எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்ததும் மற்றப் பக்கமும் கட்டி லாபத்தோடு வெளியே வந்தீர்கள். சில ஆயிரம் பவுண்கள் புரளுகிற சின்ன ஆட்டத்தில் ஆயிரக்கணக்கில் கட்டினால் கண்ணில் படாதா. அந்த அணியின் பிசியோவின் பேரில்.

களவெடுத்தார்கள் என்று எழுதச் சொல்கிறீர்கள். அந்தச் செய்தியைக் களவெடுத்தவர்களுக்கு யார் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும்.

மார்ச் 7க்கு முதல் நீங்கள் போய், கணக்கைத் திறந்தது நான், அவளுக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். உங்கள் பேரில்.

அஜந்தா


ஃபாரஸ்ட் கேட்
20 பெப்ரவரி 2025

அஜந்தா,

உன் கடிதத்தைக் காருக்குள் இருந்து வாசித்தேன். இரண்டு சவாரியைத் தள்ளிவிட்டேன். ஒரு பக்கத்தில் அண்ணனைக் குடிகாரன் மாதிரியும் கள்ளன் மாதிரியும் எழுத உனக்கு நல்லாத்தான் வருகிறது. படித்த திமிர்.

திருப்பித் திருப்பி என் பேர், என் பேர் என்று எழுதியிருக்கிறாய். பேரைப் பற்றி நீ எனக்கு வகுப்பு எடுக்காதே. ஆறு வருசம் நான் ஆற்ற பேரில் இந்த ஊரில் பெற்றோல் அடித்தேன் என்று மறந்துபோனாயா. அருள்நேசன். மன்னார்ப் பொடியன், கனடாவுக்குப் போகும்போது தந்துவிட்டுப் போன இன்சூரன்ஸ் நம்பர், அது இல்லாமல் இங்கே வேலை இல்லை. என் அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. என் பேரில் வேலை செய்ய விடவில்லை. நீயும் அம்மாவும் வந்து இறங்கிவிட்டீர்கள். ஆறு வருசம் என்னை நேசன், நேசன் என்றுதான் கூப்பிட்டார்கள். உன் ரியூசன் நேசனின் சம்பளம். உன் சப்பாத்து நேசனின் சம்பளம். உன்னைக் கம்பசுக்கு அனுப்பியது நேசன். அப்போது ஒரு நாளாவது அடுத்தவன் பேர், வேண்டாம் என்று தட்டைத் தள்ளி வைத்தாயா.

எங்கள் ஆட்களில் ஆர் ஆற்ற பேரில் இல்லை என்று சொல்லு. கடை மச்சாள் பேரில். வீடு சகலன் பேரில். கார் இன்சூரன்ஸ் மருமகன் பேரில். பேர் குடுக்கிறதை நாங்கள் உதவி என்றுதான் சொல்கிறோம். தகப்பன் இல்லாத தங்கச்சியின் பேரைத் தமையன் எடுத்தால் அது களவா. இந்த நாட்டுக்காரனின் கண்ணால் எங்களைப் பார்க்கப் பழகிவிட்டாய்.

கோல்கீப்பர் கதைக்கும் வருகிறேன். அவ்வளவு பெரிய ரகசியம் என்றால் பொங்கல் தட்டுக்கு முன்னால் இருந்து ஏன் சொன்னாய். நான் உன்னைக் கேட்டேனா. காதில் விழுந்ததை மறக்கச் சொன்னால் எப்படி.

நான் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பாவித்தது மோசடி. போலீசுக்குப் போகும். மினிகாப் லைசென்ஸ் போகும். நாற்பத்தைந்து வயதில் எனக்கு ஆர் வேலை தருவான். அண்ணிக்கு 2022 கதையே இன்னும் தெரியாது. நீ படித்தவள். இந்தக் கிளப் போனால் ஒரு ஆஸ்பத்திரி. எனக்கு இந்த ஸ்டியரிங்கை விட்டால் ஒன்றும் இல்லை.

கையெழுத்து வைக்க மாட்டேன். இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

நிசாந்தன்


கிங்ஸ்பரி
24 பெப்ரவரி 2025

அண்ணை,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றையும் வாசித்துவிடுங்கள்.

அந்தப் பெற்றோல் ஸ்டேசனை நான் மறக்கவில்லை. சனிக்கிழமை ரியூசன் முடிய அம்மா சோற்றுப் பார்சலைத் தந்து அனுப்புவா. எனக்குப் பன்னிரண்டு வயது. லண்டனுக்கு வந்து மூன்று மாதம். "அங்கை வந்து அண்ணை எண்டு கூப்பிட்டுடாதை. நேசன் எண்டு கேள்" என்று நீங்கள் வீட்டில் வைத்துப் பழக்கினீர்கள். நான் படுக்கையில் கிடந்து நேசன், நேசன் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் உங்கள் மனேஜர் கவுன்ரருக்கு வெளியே வந்து, இது உன் தங்கச்சியா, அதே மூக்கு என்று சிரித்தான். நீங்கள் என்னைப் பார்க்காமலே, இல்லை, தெரிந்த ஆட்களின் பிள்ளை என்றீர்கள். பார்சலை வாங்கினீர்கள். நன்றி என்று இங்கிலீசில் சொன்னீர்கள். நான் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். அம்மாவிடம் பார்சல் சூடு கையில் பட்டுவிட்டது என்றேன்.

அதற்காக உங்களில் ஒரு நாளும் நான் கோபப்பட்டதில்லை. அது வயிற்றுப்பாடு. அந்தச் சோற்றைத்தான் நானும் சாப்பிட்டேன், அந்தச் சப்பாத்தைத்தான் போட்டேன். அதை நீங்கள் பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டீர்கள். சரி.

ஆனால் அருள்நேசன் அண்ணையின் நம்பரை நீங்கள் அவர் சட்டைப் பையில் இருந்து எடுக்கவில்லை. கேட்டீர்கள். இரண்டு நாள் யோசித்து அவர் ஓம் என்றார் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். என்னைக் கேட்டீர்களா. கிங்ஸ்பரி ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து ஒரு மணித்தியாலம். ஒரு போன் எடுக்க ஒரு நிமிஷம். ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டிருந்தால் ஏலாது என்றிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை. அதை உதவி என்று சொல்லாதீர்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமைகளில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று மணியானால் கை தானாகப் பையைத் தேடுகிறது. எட்டு வருசம் அந்த நனைந்த பெஞ்சில் இருந்திருக்கிறேன். அந்தக் கிளப்பில் நான்தான் முதல் தமிழ்ப் பொம்பிளை. ஏன், முதல் பொம்பிளையே நான்தான். தொடக்கத்தில் ஒருவனும் என் பேரை ஒழுங்காகச் சொல்ல மாட்டான். ஒவ்வொருவனையும் நிறுத்தி அ-ஜந்-தா என்று சொல்லிப் பழக்கினேன். இப்போது கிளப்பில் அந்தப் பேரைச் சொல்லக் கூசுகிறார்கள். அந்தக் கோல்கீப்பர் பொடியன் எனக்கு ஒரு கார்ட் கூட அனுப்பவில்லை. அவனுடைய தொடையை வைத்து நான் காசு பார்த்தேன் என்று நினைக்கிறான்.

பொங்கலன்று வாய் விட்டது என் பிழை. அதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்று இல்லை. ஆனால் அதைச் சொல்லி உங்கள் பிழையை மூடாதீர்கள்.

மார்ச் 7 வெள்ளிக்கிழமை. நீங்கள் போகாவிட்டால் நான் உங்கள் பேரைச் சொல்லுவேன். அன்றைக்கு வராத வாய் இப்போது வரும்.

என் பைலைத் திருப்பி அனுப்புங்கள். பாஸ்போர்ட் பிரதி, பிறப்புச் சான்றிதழ், எல்லாம்.

அஜந்தா


ஃபாரஸ்ட் கேட்
5 மார்ச் 2025

தங்கச்சி,

நேற்றுச் சங்கத்துக்குப் போனேன். போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன்.

உன் கடிதத்தை முதலில் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஏலவில்லை. அந்த மனேஜர் கேட்டதும் நான் சொன்னதும் எனக்கு மறந்தே போயிருந்தது. நீ அழுதது எனக்குத் தெரியாது. சூடு பட்டது என்று அம்மா எனக்கும் சொன்னவ. அடுத்த சனிக்கிழமை பார்சலுக்கு இரண்டு துவாய் சுற்றிவிட்டா.

அண்ணிக்கு எல்லாம் சொன்னேன். 2022 கதையும். மூன்றாம் நாள் கறி வெட்டிக்கொண்டு நின்றவள் திரும்பாமலே, "போய்ச் சொல்லுங்கோ. அது அவளின்ர பேர்" என்றாள்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுதினால் பரவாயில்லை. அந்தக் கோர்சில் படித்ததை நான் ஒரு நாளும் செய்யவில்லை. விலை மாறினதும் விற்றுவிட்டு வெளியே வா என்று சேர் சொல்லுவார். நான் வர மாட்டேன். இன்னும் ஐந்து நிமிஷம், ஒரு கோல் என்று கடைசி விசில் வரைக்கும் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். சவாரி வந்தாலும் எடுக்க மாட்டேன். கொப்பியில் மட்டும் டிரேடிங் என்று எழுதிக்கொண்டேன். முந்நூறு ஆட்டத்தில் உருப்படியாகப் பச்சை வந்தது அந்த ஒரு நாள்தான். அது என் கெட்டித்தனம் இல்லை. அதுவும் நீ சொன்னதுதான். அதைத்தான் சாதனை என்று படம் எடுத்து அனுப்பினேன்.

ரதீசன் சேருக்கு போன் அடித்தேன். "நான் ஒருத்தரையும் பேர் மாத்திச் செய்யச் சொல்லேல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பதிவும் இப்போது இல்லை. என்னை குரூப்பில் இருந்தும் எடுத்துவிட்டார். கோபத்தில் கொப்பியைக் கிழித்துக் கவுன்சில் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

கணக்கைத் திறந்தது நான், பாஸ்போர்ட் பிரதியைக் கேட்காமல் எடுத்தது நான், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினேன். முழுப் பேரில், யோகலிங்கம் நிசாந்தன் என்று கையெழுத்து வைத்தேன். இது போலீசுக்கும் போகக்கூடும் என்றார்கள். லைசென்சைப் பற்றிக் கடிதம் வரும். வரட்டும். உன்னில் எனக்கு இன்னும் கோபம்தான். நீ மிரட்டியதற்காகப் போகவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

ஒன்று கவனி. கோல்கீப்பர் இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அவன் அதற்கு முந்தின ஆட்டத்தில் நொண்டியதைப் பார்த்து நானாக ஊகித்தேன் என்று எழுதிவிட்டேன். உன் வாயால் வந்தது என்று சொல்லவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நீயும் அதையே சொல்லு. முடிந்தது. நீ திரும்ப வேலைக்குப் போகலாம். தமையனாக நான் செய்யக்கூடியது அது.

பைலை இதோடு அனுப்புகிறேன். ஒரு தாளும் வைத்துக்கொள்ளவில்லை.

அண்ணை


கிங்ஸ்பரி
11 ஏப்ரல் 2025

அண்ணை,

பைல் கிடைத்தது. நான் மறந்துபோன என் தடுப்பூசி அட்டை கூட அதற்குள் இருந்தது. இருபது வருசமாக ஒன்றையும் தொலைக்காமல் வைத்திருந்திருக்கிறீர்கள். அதைப் பார்க்க இன்னும் ஆத்திரம் வந்தது.

மார்ச் 20 என்னைக் கூப்பிட்டார்கள். போன தடவை வந்த அதே பெண், அதே தாள்கள். உங்கள் கையெழுத்தை நான் பார்த்தேன். பெரிதாக, நடுங்காமல் வைத்திருக்கிறீர்கள். பந்தயம் கட்டியது நான் இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள், கோல்கீப்பர் நொண்டியதைப் பார்த்து உங்கள் அண்ணன் ஊகித்ததாகச் சொல்கிறார், சரிதானே என்று.

ஓம் என்றால் அன்றைக்கே முடிந்திருக்கும். சனிக்கிழமை அந்தப் பெஞ்சில் இருந்திருப்பேன்.

இல்லை என்றேன். அவன் முந்தின ஆட்டத்தில் நொண்டவே இல்லை. திங்கட்கிழமைப் பயிற்சியில்தான் கிழிந்தது. நான் பொங்கலுக்குப் பிந்திப் போனேன், ஏன் பிந்தினேன் என்று என் அண்ணனின் வீட்டில் வைத்துச் சொன்னேன் என்றேன். பொங்கல் என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள். பால், அரிசி, சக்கரை என்று சங்கத்தின் தாளில் இப்போது இருக்கிறது.

இரகசியத்தை வெளியே விட்டதற்கு ஆறு மாதத் தடை. அபராதம். கிளப் என்னை இனி வேண்டாம் என்றுவிட்டது. பிசியோ பதிவு தப்பியது, எழுத்தில் எச்சரிக்கையோடு. திங்கள் தொடக்கம் வெள்ளி வரை இடுப்பு மாற்றிய ஆட்களை நடக்கப் பழக்குகிறேன். தற்காலிக வேலை. சனிக்கிழமை லீவு. அந்த லீவை நான் வெறுக்கிறேன்.

உங்கள் சொல்லைப் பொய்யாக்கியதற்கு உங்களைத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள். எனக்காகத்தான் அந்தப் பொய் என்று எனக்குத் தெரியும். லைசென்சைப் பணயம் வைத்துக் கையெழுத்துப் போடப் போன மனிசன், அதே தாளில் என் வாயில் சொல்லவேண்டியதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். திரும்பவும் என்னைக் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்தபோதும் கேட்கவில்லை, காப்பாற்ற வந்தபோதும் கேட்கவில்லை. உங்களுக்கு நான் இன்னும் சோற்றுப் பார்சலோடு கவுன்ரருக்கு வெளியே நிற்கிற பிள்ளை. எப்படிக் கூப்பிட வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் பழக்கிவிடுவீர்கள், நான் சொல்லுவேன்.

இந்த முறை சொல்லவில்லை. வேலை போய்விட்டது, அதற்கு நான் அழுதேன். ஆனால் அந்த அறையில் சொன்னது முழுக்க என் வாயால் சொன்னது. அதற்கு அழவில்லை.

உங்கள் லைசென்ஸ் பற்றி அண்ணி சொன்னா. மே மாதம் விசாரணை என்றா. நான் கட்டாயம் வருவேன். 2022இல் நீங்களாகவே என்னிடம் வந்து தடைப் படிவத்தை நிரப்பினீர்கள் என்று சொல்லுவேன், அதுவும் உண்மை. அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை வருசப்பிறப்பு. வெஸ்ட் ஈலிங் கோயிலுக்கு நானும் வருகிறேன். உங்களோடு கதைக்க வரவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. அர்ச்சனைத் தட்டு எடுக்கும்போது வழக்கம்போல என் பேரைச் சொல்லிவிடாதீர்கள். என் பேரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் நானே சொல்லுவேன்.

உங்கள் பேருக்கும் ஒரு அர்ச்சனை செய்யலாம் என்று நினைத்திருக்கிறேன். வரிசையில் நிற்கும்போது வந்து கேட்பேன். ஓம் என்றால்தான் சொல்லுவேன்.

அஜந்தா